முதற் குலோத்துங்கன் முடி நிலைத்த வரலாறு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சோழப் பெருவேந்தர் என்றவுடன் முதலாம் இராசராசனும் கங்கைகொண்ட இராசேந்திரனும் நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்கள் தமக்கு உரியதாக வந்த அரசைப் பெருக்கியவர்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவனோ, உரிமை பற்றி ஐயம் எழுந்த அரியணையில் ஏறி, ஏறத்தாழ 50 ஆண்டுகள் ஆண்ட முதற் குலோத்துங்கன். ஓர் இடத்தில் ஒருவனுக்கு உரிமை தருவது பிறப்பா, அவன் ஆற்றும் செயலா என்னும் வினா அவன் வரலாற்றில் அடங்கியிருக்கிறது.

குலோத்துங்கனின் தந்தை, வேங்கி நாட்டை ஆண்ட கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். நன்னயர் பாரதத்தைத் தெலுங்கில் பாடத் தொடங்கியது அம்மன்னன் அவையிலேதான். தாய் அம்மங்கை தேவி, கங்கைகொண்ட சோழனின் மகள். தந்தையைப் பெற்ற குந்தவையும் முதலாம் இராசராசனின் மகளே. குலோத்துங்கன் மணந்த மதுராந்தகியோ, இரண்டாம் இராசேந்திர சோழனின் மகள். ஆகவே தந்தை வழியில் அவன் சாளுக்கியன். தாய் வழியிலும் மனைவி வழியிலும் சோழர் வீட்டவன். தாய்வழிப் பாட்டனின் பெயராகிய இராசேந்திரன் என்பதே அவனது இளமைப் பெயர்.

இரு குலத்துக்கும் உரியவனாயினும், இளமையில் அவனுக்கு இரு நாட்டிலும் இடமில்லை. தந்தை மறைந்தபின் வேங்கி, சிற்றப்பன் விசயாதித்தன் கைக்குச் சென்றது. சோழ நாட்டிலோ அம்மான்மார் ஒருவர்பின் ஒருவராய் ஆண்டு வந்தனர். வடக்கே வயிராகரத்திலும் சக்கரக்கோட்டத்திலும் போரிட்டுத் தன் தோள்வலியால் பெயர் பெறுவதே அவனுக்கு வாய்த்தது.

1070-ஆம் ஆண்டில் வீரராசேந்திர சோழன் மறைந்தான். அவன் மகன் அதிராசேந்திரன் முடிசூடினான். ஆனால் சின்னாட்களிலேயே அவனும் மறைந்தான். அவன் எவ்வாறு இறந்தான் என்பதில்தான் வழக்கு இருக்கிறது. அதிராசேந்திரனின் உடன்பிறந்தாளை மணந்தவன், மேலைச் சாளுக்கிய இளவரசனான விக்கிரமாதித்தன். அவன் அவைப் புலவர் பில்கணர், நாட்டில் எழுந்த கலகத்தில் அதிராசேந்திரன் உயிர் துறந்தான் என்றும், அந்நிலையில் குலோத்துங்கன் அரசைக் கைப்பற்றினான் என்றும் பாடுகிறார். கலிங்கத்துப்பரணி பாடிய செயங்கொண்டாரோ, அரசனை இழந்து முறை கெட்டிருந்த நாட்டை வந்து காத்தவன் குலோத்துங்கன் என்கிறார். அதிராசேந்திரன் நோயுற்று இறந்தான் என்பது அறிஞர் சதாசிவ பண்டாரத்தார் கொள்கை. ஒரு புலவர் பகைவனின் சோறுண்டவர். மற்றவர் வென்றவனின் பரிசில் பெற்றவர். இவ்வழக்கில் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. ஐயத்தின் நிழலிலே முடிசூடியவன் அந்த ஐயத்தை எவ்வாறு வென்றான் என்பதே நாம் காண வேண்டியது.

முதலாவதாக, அவன் சோழ மரபின் ஒழுங்கைக் கைவிடவில்லை. சோழ வேந்தர் இராசகேசரி, பரகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைவது வழக்கம். வீரராசேந்திரன் இராசகேசரி, அதிராசேந்திரன் பரகேசரி. இவன் இராசகேசரி என்னும் பட்டத்தோடு அடுத்து நின்றான். சங்கிலியில் ஒரு கண்ணியும் அறுபடவில்லை என்று நாட்டுக்கு அறிவித்ததற்கு அது ஒப்பாகும். கங்கைகொண்ட சோழபுரமே தலைநகராக நீடித்தது. மெய்க்கீர்த்தி தமிழிலேயே கல்லில் ஏறியது. சில ஆண்டுகள் சென்றபின்பே, குலத்தை உயர்த்தியவன் என்னும் பொருள்பட, குலோத்துங்கன் என்னும் பெயரைக் கொண்டான்.

இரண்டாவதாக, எதனைப் பற்றுவது, எதனை விடுவது என்பதை அவன் அறிந்திருந்தான். ஈழத்தில் விசயபாகு சோழர் படையை வெளியேற்றி நாட்டை மீட்டுக்கொண்டான். குலோத்துங்கன் அதனை மீட்கத் தன் வலிமையையெல்லாம் செலவிடவில்லை. வேங்கியைச் சில ஆண்டுகள் சிற்றப்பனே ஆளவிட்டான். பிறகு தன் மக்களை ஒருவர்பின் ஒருவராய் அங்கு அனுப்பினான். முதலில் சென்ற மும்முடிச் சோழன், பெற்றோரின் அருகிருந்து பணிசெய்யும் இன்பத்துக்கு அரசாட்சி ஈடாகாது என்று ஓராண்டிலேயே திரும்பிவிட்டான் எனச் செப்பேடு கூறுகிறது. மேற்கே விக்கிரமாதித்தன் பகை வலுத்தபோது, அவன் தமையன் சோமேசுவரனோடு நட்புக் கொண்டான். தெற்கே பாண்டியரை வென்று, கோட்டாற்றில் நிலைப்படை நிறுத்தினான். வாள் வேண்டிய இடத்தில் வாளும், பொறுமை வேண்டிய இடத்தில் பொறுமையும் அவன் கையாண்டான்.

மூன்றாவதே தலையாயது. அவன் சுங்கம் தவிர்த்தான். வழியில் செல்லும் சரக்கை நிறுத்தி வாங்கும் வரி சுங்கம். அதன் சுமை வணிகன் தோளில் ஏறினாலும், இறங்குவது உப்பும் துணியும் வாங்கும் ஏழையின் தலையில்தான். மும்பை மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. 2017-ஆம் ஆண்டு வரை முலுண்டு, தகிசர் நாக்காக்களில் ஆக்ட்ராய் கட்ட லாரிகள் வரிசையாய் நின்ற காட்சியை நீங்கள் கண்டவர்கள். 1077-ஆம் ஆண்டில் சோழ நாட்டிலிருந்து 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனம் சென்றது என்று சீன நூல்கள் குறிக்கின்றன. கடல் வாணிகம் செழித்த அந்நாட்டில், சுங்கம் நீக்கிய அரசனை வணிகரும் குடிகளும் எவ்வளவு போற்றியிருப்பர் என்பதை நாம் உணரலாம்.

வரியை நீக்கிய அதே மன்னன் நாட்டை அளக்கவும் செய்தான். 1086-ஆம் ஆண்டில் சோழ நாட்டு நிலம் அளக்கப்பட்டது. அதே ஆண்டில் இங்கிலாந்தில், 1066-இல் போரில் வென்று முடிசூடிய நார்மன் வில்லியமும் ஊர்தோறும் நிலம், உழவர், கால்நடை ஆகியவற்றைக் கணக்கெடுக்கச் செய்தான். ஒருவரை ஒருவர் அறியாத இரு மன்னர். இருவருக்கும் உரிமை வழக்கு இருந்தது. இருவரும் ஒரே ஆண்டில் தம் நாட்டை அளந்தனர். ஆயினும் வில்லியத்துக்கு வரலாறு தந்த பெயர், வென்றவன் என்பது. நம் மன்னனுக்கு நிலைத்த பெயர், சுங்கந் தவிர்த்த சோழன் என்பது. வென்றவன் என்னும் பெயரில் ஆற்றல் விளங்குகிறது; சுமையிறக்கியவன் என்னும் பெயரில் குடிகளின் நன்றி விளங்குகிறது.

அன்பர்களே, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வளரும் நம் பிள்ளைகளை, "நீ எந்த ஊர்?" என்று இரண்டு பக்கத்திலும் கேட்கிறார்கள். ஊருக்குப் போனால் மும்பைக்காரன், மும்பையில் மதராசி. இந்தக் கேள்வியால் அவர்கள் குன்ற வேண்டியதில்லை. இரு நாட்டின் மகனாய்ப் பிறந்த குலோத்துங்கன் தந்தை வீட்டை மறுக்கவில்லை. தாய் வீட்டின் மரபையும் ஒரு கண்ணி அறாமல் காத்தான். ஆனால் அவனைத் தம்மவன் என்று மக்கள் ஏற்றது குருதியை அளந்து பார்த்தன்று. அவன் தங்கள் தோளிலிருந்து இறக்கிய சுமையை அளந்து பார்த்தே ஆகும். நாம் வாழும் இந்நகரில் அண்டை வீட்டாரின் சுமையை நாம் எவ்வளவு இறக்குகிறோமோ, அவ்வளவுக்கு இது நம் ஊர்.