மண் தந்த மணியும் மனிதன் ஆக்கிய மணியும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவிற்கு வந்திருக்கும் தாய்மார்கள் பலருடைய காதிலும் மூக்கிலும் கற்கள் ஒளிவிடக் காண்கின்றேன். அவற்றுள் எது மண்ணில் விளைந்தது, எது உலையில் விளைந்தது என்று வினவினால், அணிந்திருப்போராலும் கூற இயலாது. காண்கின்ற என்னாலும் கூற இயலாது. இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. அறிவியலைச் சார்ந்த பொருளாயினும், நம் இல்லங்களின் சேமிப்போடும் தொடர்புடையதாதலின் இதனைத் தேர்ந்தேன்.

முதற்கண் என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூற விரும்புகின்றேன். என் தந்தையார் அரசுப் பணியின் பொருட்டு, அந்நாளில் போர்ட் பிளேர் என வழங்கி, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற இந்நகருக்கு வந்தவர். என் தாயார் திருமணத்தின்போது ஓர் இணை கெம்புத் தோடு அணிந்து வந்தார். 'பர்மாக் கெம்பு' என்று சொல்லி விற்றனராம். அன்றிலிருந்து முப்பது ஆண்டு அத்தோடு அவர் காதைவிட்டு அகலவில்லை. தந்தையார் நோயுற்று, மருத்துவத்திற்காகக் கப்பலேறிச் சென்னை சென்றபோது அதனை விற்க நேர்ந்தது. கடையில் கற்களைப் பெயர்த்தெடுத்து, பொன்னை மட்டும் நிறுத்து விலை போட்டனர். கற்களை ஒரு தாளில் மடித்துத் தாயாரின் கையிலேயே கொடுத்து, "இவை உலைக் கற்கள் அம்மா, இவற்றிற்கு விலை இல்லை" என்றனர். தாயார் அழவில்லை. "முப்பது ஆண்டு நான் பொய்யையா அணிந்திருந்தேன்?" என்று மட்டும் கேட்டார். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

மணிகளை மூவகையாகப் பகுத்துக்கொள்ளல் நன்று. மண்ணிற் பிறந்தவை இயற்கை மணிகள். அதே பொருளால், அதே கட்டமைப்போடு மனிதன் ஆக்கியவை செயற்கை மணிகள். பொருளே வேறாய் இருந்து, தோற்றத்தால் மட்டும் மயக்குபவை போலி மணிகள். சிவப்புக் கண்ணாடியைக் கெம்பு என்றால் அது போலி. உலையில் வார்த்த கெம்போ போலியன்று, அது கெம்பேயாம். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதே நம்மவர் பலர் கொண்டுள்ள மயக்கம்.

கெம்பும் நீலமும் உண்மையில் ஒரே கனிமத்தின் இரு வண்ணங்கள். அக்கனிமத்தை ஆங்கிலத்தில் கொரண்டம் என்பர். நம் 'குருந்தம்' என்னும் சொல்லே அவ்வாறு கடல் கடந்து சென்றது. அலுமினியமும் உயிர்வளியும் சேர்ந்த பொருள் அது. தூயதாயின் நிறமற்றது. அதனுள் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து கெம்பாகும். இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலமாகும். பர்மாவின் மோகோக் பள்ளத்தாக்கில் பளிங்குப் பாறைகளுக்கிடையே கோடி ஆண்டுகட்கு முன்னர் நிலத்தின் வெப்பமும் அழுத்தமும் செய்த வேலை இதுதான்.

இவ்வேலையைச் சில மணி நேரத்தில் செய்து முடிக்கும் வழியைப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் வெர்னாய் 1902இல் வெளியிட்டார். அலுமினிய ஆக்சைடுத் தூளோடு சிறிது குரோமிய ஆக்சைடுத் தூள் கலந்து, நீர்வளியும் உயிர்வளியும் எரியும் சுடரின் ஊடே மெல்ல உதிர்ப்பர். ஏறத்தாழ 2,050 பாகை வெப்பத்தில் தூள் உருகித் துளியாய் வீழும். கீழேயுள்ள சிறு தண்டின்மேல் துளிமேல் துளி படிந்து, பேரிக்காய் வடிவில் ஒரு கட்டி வளரும். அக்கட்டியைப் பிளந்து பட்டை தீட்டினால் கெம்பு. கடினத்தில் வேறுபாடில்லை, நிறையில் வேறுபாடில்லை, ஒளியை வளைக்கும் இயல்பிலும் வேறுபாடில்லை.

இக்கல் நம்மிடையே எத்துணைக் காலமாக உள்ளது என்பதற்கு ஒரு சான்று கூறுவேன். உங்களில் மூத்தோர் பலர் சாவி கொடுத்து ஓட்டிய கைக்கடிகாரங்களை அணிந்திருப்பீர்கள். அவற்றின் முகப்பில் '17 ஜுவல்ஸ்' என்று எழுதியிருக்கும். சக்கரங்களின் அச்சு தேயாமல் தாங்கும் அம்மணிகள் உலையிற் பிறந்த கெம்புகளே. 1960இல் அமெரிக்க அறிஞர் மைமன் முதன்முதலாக லேசர் ஒளியைத் தோற்றுவித்ததும் செயற்கைக் கெம்பின் தண்டு ஒன்றைக்கொண்டுதான்.

நம் தாய்நாட்டிற்கும் இத்தொழில் புதிதன்று. மேட்டுப்பாளையத்தில் இந்தோ-சுவிஸ் என்னும் பெயரோடு செயற்கை மணி ஆலை ஒன்று நடைபெற்றது. திருச்சிராப்பள்ளியைச் சுற்றியும் புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர்களிலும் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டுவது குடிசைத் தொழிலாகவே வளர்ந்தது. திண்ணையில் அமர்ந்து, சுழலும் சாணைத் தட்டில் கல்லை ஒற்றி ஒற்றி, கண்ணளவாலும் கையுணர்வாலும் பட்டைகளை அமைத்த அக்கைவினைஞர்களின் திறம் வியத்தற்குரியது. அயல்நாட்டு எந்திரக் கற்கள் குறைந்த விலைக்கு வந்து குவியவே, அத்தொழிலால் வாழ்ந்த குடும்பங்கள் பல நலிவுற்றன.

திருச்சியார் பெரிதும் பட்டை தீட்டியது 'அமெரிக்கன் வைரம்' என்று நாம் கூறும் கல்லை. அது அமெரிக்காவிற்கும் உரியதன்று, வைரமும் அன்று. சிர்க்கோனியம் என்னும் உலோகத்தின் கூட்டுப்பொருளை உருக்கிச் சோவியத்து நாட்டறிஞர்கள் 1970களில் பெருக்கிய கல் அது. ஒரே அளவுள்ள வைரத்தைவிட ஒன்றரை மடங்கிற்கும் மேலான நிறை உடையது. வைரத்தின் இடத்தில் நிற்பதால் மேற்கூறிய பகுப்பில் இது மூன்றாம் வகையைச் சாரும்.

உண்மையான செயற்கை வைரம் வேறு. நிலத்துள் 150 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், நூறு கோடி ஆண்டுகட்கும் முன்னர்க் கரிமம் இறுகிப் பிறந்தது இயற்கை வைரம். அவ்வழுத்தத்தை எந்திரத்தில் உண்டாக்கி, 1954 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தார் வைரத் துகளைச் செய்தனர். வளிமண்டல அழுத்தத்தைப் போல் பல்லாயிரம் மடங்கு வேண்டியிருந்தது. இன்று வேறொரு வழியும் உண்டு. மீத்தேன் வளியையும் நீர்வளியையும் ஓர் அறையில் அடைத்து மின்காந்த ஆற்றலால் சிதைத்தால், கரிமம் அணு அணுவாகப் பிரிந்து ஒரு வைரத் தகட்டின்மேல் படியும். சில வாரங்களில் ஒரு முழு வைரம் உருவாகும். இத்துறை ஆய்விற்கென 2023இல் நடுவண் அரசு சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுகளுக்கு 242.96 கோடி ரூபாய் வழங்க முன்வந்தது. மணிகளைப் பற்றிய புதிய கல்வி நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்கின்றது என்பதை இங்குள்ள மாணவர்கள் கருத்திற் கொள்வார்களாக.

இனி, இவற்றைப் பிரித்தறிவது எங்ஙனம்? ஊதிப் பார்த்தல், கீறிப் பார்த்தல், நீரில் இட்டுப் பார்த்தல் எனப் பல முறைகளைச் சொல்வோர் உளர். கண்ணாடியை விலக்க அவை ஓரளவு உதவலாம். செயற்கை மணியைக் கண்டறிய உதவா. கடைகளில் வைரத்தைத் தொட்டுப் பார்க்கும் சிறு கருவி, வெப்பம் பாயும் விரைவை அளப்பது. அமெரிக்கன் வைரத்தை அது காட்டிக்கொடுக்கும். செயற்கை வைரத்தையோ வைரம் என்றே கூறும், அது வைரமாதலால். சுடரில் வளர்ந்த கெம்பை உருப்பெருக்கியில் நோக்கினால் வளைந்த வரிகளும் வட்டமான குமிழிகளும் தெரியும். மண்ணில் வளர்ந்ததிலோ வரிகள் நேராகவும் கோணமாகவும் ஓடும். பட்டிழை போன்ற நுண்ணூசிகளும் காணப்படும். வைரத்திற்கோ ஆய்வுக்கூடக் கருவிகளே வேண்டும். ஆதலின், 'என் கண்ணுக்குத் தப்பாது' என்று சொல்லும் வணிகரை நம்புதல் ஆகாது.

இயற்கை என்ற சொல்லும் முற்றும் எளியதன்று. இலங்கையிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இரத்தினபுரியின் பெயர் தெரிந்திருக்கும். அந்நாட்டில் 'கியூடா' என்னும் பால்நிறக் கற்கள் ஒருகாலத்தில் மதிப்பற்றனவாய்க் கிடந்தன. மிகுந்த வெப்பத்தில் சுட்டால் அவை அழகிய நீலமாக மாறும் என்பது பின்னர்த் தெரியவந்தது. பிறப்பால் இயற்கை, நிறத்தால் மனிதன் வேலை. முத்தும் அத்தகையதே. ஜப்பானில் மிக்கிமோட்டோ 1893இல் சிப்பியுள் கருவை வைத்து அரைமுத்து விளைவித்தார். தூத்துக்குடிக் கடலில் இயற்கை முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது; அத்தூத்துக்குடியிலேயே 1973இல் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை ஆக்கிக் காட்டினர். கருமுத்து தரும் சிப்பி இனம் நம்மைச் சூழ்ந்துள்ள இந்த அந்தமான் கடலிலும் வாழ்கின்றது. வளர்ப்பு முத்தை யாரும் பழிப்பதில்லை. ஏன்? வளர்ப்பு முத்து என்று பெயர் சொல்லியே விற்கின்றனர், பெயரறிந்தே வாங்குகின்றோம்.

பெயரை மாற்றி விற்கும் குற்றம் பழமையானது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில், நொய்யற் கரையில், பழந்தமிழர் மணி செய்த பட்டறைகளை அகழாய்வு வெளிக்கொணர்ந்துள்ளது. தமிழகத்து மணிகள் உரோம நாடு வரை சென்றன. அக்காலத்து உரோம அறிஞர் பிளினி, இந்தியரின் பெரில் மணிகளைப் போற்றும் அதே நூலில், பளிங்கிற்கு நிறமேற்றிப் போலி மணி செய்யவும் அவர்கள் அறிவர் என்று எழுதிவைத்தார். மதுரையில் மணிகளின் குற்றமும் குணமும் தெரிந்த வணிகர் வீதி இருந்ததைச் சிலப்பதிகாரம் ஊர்காண் காதையில் விரித்துரைக்கின்றது. அத்தகைய நகரிலேதான் ஒரு பொற்கொல்லன் சிலம்பைப் பற்றிச் சொன்ன பொய்யால் கோவலன் உயிரிழந்தான். உள்ளிருந்த பரல் முத்தா மாணிக்கமா என்பதே பின்னர் வழக்கைத் தீர்த்தது. அங்கே குற்றம் மணியினுடையதன்று. மணியைப் பற்றிச் சொன்ன சொல்லினுடையது.

விலையைப் பற்றியும் ஒரு சொல். மண்ணில் அருகிக் கிடைப்பதால் இயற்கை மணிக்கு விலை மிகுதி. செயற்கை மணியை வேண்டுமளவு ஆக்கலாம். ஆதலின் விலை இறங்கிக்கொண்டே போகும். 2018இல் டி பீர்ஸ் நிறுவனமே ஒரு காரட் செயற்கை வைரத்தை 800 டாலர் என விலை குறித்து விற்கத் தொடங்கியது. அதன்பின் சந்தை விலை மேலும் வீழ்ந்தது. அழகிற்காக அணிவோர்க்கு இது நற்செய்தி. பெண்ணின் திருமணத்திற்கென்று சேர்த்து வைப்போர்க்கு இது எச்சரிக்கை. இயற்கைக் கல்லையும் வாங்கிய விலைக்கு விற்றல் அரிது. சேமிப்பிற்குப் பொன்னை வாங்குக. கல்லை மகிழ்ச்சிக்கு வாங்குக.

நாம் கப்பலிலோ வானூர்தியிலோ சென்று நகை வாங்கி வருவோர். குறை கண்டால் மறுநாளே கடைக்குத் திரும்பிச் செல்லும் வாய்ப்பு நமக்கு இல்லை. ஆதலின் சிலவற்றை நினைவிற் கொள்ளுங்கள். ஹால்மார்க் முத்திரை பொன்னின் தூய்மைக்கே சான்று. கல்லின் பிறப்பிற்கு அன்று. பற்றுச்சீட்டில் பொன்னின் நிறையும் கல்லின் நிறையும் தனித்தனியே எழுதப்பெற வேண்டும். கல்லின் பெயரோடு 'இயற்கை', 'செயற்கை' என்பதும், சூடேற்றப்பட்டதாயின் அதுவும் எழுதப்பெற வேண்டும். விலையுயர்ந்த கல்லாயின் கடைக்குத் தொடர்பற்ற ஆய்வுக்கூடத்தின் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காது திரும்புதல் இழிவன்று.

அன்பர்களே, என் தாயாரின் வினாவிற்கு வருகின்றேன். அம்மா அணிந்தது பொய்யன்று. அக்கற்கள் கெம்பின் சிவப்பும், கெம்பின் உறுதியும், கெம்பின் ஒளியும் உடையவை. முப்பது ஆண்டில் ஒரு கீறலும் விழவில்லை. பொய் 'பர்மா' என்ற ஒரு சொல்லில் மட்டுமே இருந்தது. அச்சொல்லுக்குக் கொடுத்த பணம் போயிற்று; கற்கள் போகவில்லை. இதனை அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்குக் காலம் வாய்த்தது. கேட்டபின் அவர் அத்தாள் மடிப்பைத் தம் பெட்டியிலிருந்து எடுத்து, என் மகளுக்கு மோதிரம் செய்து போடுமாறு கொடுத்தார். செய்வித்தபோது, 'உலையில் ஆக்கிய கெம்பு' என்றே சீட்டில் எழுதச் செய்தேன்.

அம்மோதிரத்தை அணிந்திருக்கும் என் மகள் இத்தீவில் பிறந்தவள். காவிரியையும் வையையையும் நூலில் படித்தறிந்தவள். அவளைப் போன்ற பிள்ளைகளைத் தாய்நாட்டில் சிலர், 'இவர்கள் எந்த ஊர்த் தமிழர்?' என்று வினவுவதுண்டு. அந்தமானில் பிறந்த தமிழர் என்று அவர்கள் தயங்காது கூறட்டும். பிறந்த இடத்தை மறைக்காமல் சொல்வதில் தாழ்வு ஏதுமில்லை.