நோய் வந்த வீட்டில் பிள்ளை யார் கையில்?



எங்கள் லயத்தில் கடைசி வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அவருடைய அடையாளக் கார்டில் தகப்பனார் பெயர் என்று ஒரு பெயர் இருந்தது. அது அவரைப் பெற்றவருடைய பெயர் அல்ல. சயாமிலிருந்து அவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவருடைய பெயர். பெற்றவர் பெயர் பாட்டிக்குத் தெரியாது. "அப்பான்னுதானே கூப்பிட்டேன், பேரு எதுக்குக் கேட்டேன்" என்பார்.

போர் நடக்கும் இடத்தில் தொற்றுநோயும் புகுந்துவிட்டால், அங்குள்ள குழந்தைகளை யார், எப்படிக் காப்பது? இன்று நான் பேச வந்தது இதைப் பற்றித்தான். எங்கேயோ நடக்கிற சங்கதி, புக்கிட் தெங்காவில் இருக்கிற நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். அது நம் வீட்டுக் கதைதான்.

சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942, 1943 ஆண்டுகளில் ஜப்பானியர் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அதற்குக் கொண்டுபோனார்கள். ஆசை வார்த்தையை நம்பிப் போனவர்கள் உண்டு. பிடித்து ஏற்றப்பட்டவர்கள் அதிகம். பெண்டாட்டி பிள்ளைகளோடு போனவர்களும் இருந்தார்கள். நமக்குப் பக்கத்து ஊரான புக்கிட் மெர்தாஜாம் வழியாகத்தான் சரக்குப் பெட்டிகளில் வடக்கே போனார்கள்.

1943 மே மாதம் மழை பிடித்தது. மழையோடு காலராவும் வந்தது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளைக்காரப் போர்க் கைதிகளின் முகாமும் நம் ஆட்களின் முகாமும் ஒரே காட்டில், ஒரே ஆற்றங்கரையில் இருந்தன. கைதிகளும் பட்டினிதான், அவர்களுக்கும் அடி உதைதான். ஆனால் அவர்களிடையே இராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், சொன்னதைக் கேட்கும் கட்டுப்பாடு இருந்தது. கொதிக்காத தண்ணீரைத் தொடாதே என்றால் தொடமாட்டார்கள். சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்கித்தான் சோறு வாங்குவார்கள். நோயாளியைத் தனியே வைத்தார்கள். இறந்தவர் பெயரை எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு டாக்டரும் இல்லை, பெயர் எழுத ஆளும் இல்லை. 1943 நடுவில் சிங்கப்பூரிலிருந்து போர்க் கைதிகளான மருத்துவக் குழுக்களை ஜப்பானியர் அனுப்பினார்கள். அதற்குள் ஏராளமானோர் இறந்துவிட்டார்கள்.

கைதிகளில் பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகளை இன்றும் பார்க்கலாம். நம் ஆட்கள் அவர்களைவிடப் பல மடங்கு இறந்தார்கள். எத்தனை பேர் என்பதில் கணக்குக்குக் கணக்கு வித்தியாசம். குழந்தைகளைத் தனியாக எண்ணியவர் யார்? பாட்டியின் தாயாரை நோயாளிக் கொட்டகைக்குத் தூக்கிப் போனார்கள். பிள்ளை வெளியே நின்றது. தூக்கிப் போனவர்கள், இந்தப் பிள்ளை யாருடையது, இனி யாரிடம் இருக்கும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மனிதர் கையைப் பிடித்தார். அந்த ஒருவர் இல்லாவிட்டால் அந்தப் பாட்டியை நான் பார்த்திருக்கமாட்டேன்.

அதே காலரா 1971இல் வங்காள தேசப் போர் அகதிகளிடையே பரவியது. எல்லைக்கு இந்தப் பக்கம் போங்காவ் என்ற ஊரில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் வைத்தியம் பார்த்தார். ஊசி வழியே ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோனது. அவர் உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் தண்ணீரில் கலந்து, அதை ஊட்டும் வேலையை நோயாளிகளின் உறவினரிடமே கொடுத்தார். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நிலை மாறி, நான்கு பேருக்கும் கீழே வந்தது. மருந்தின் பெருமையை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு இன்னொன்று பெரிதாகப் படுகிறது. தாயைப் பிள்ளையிடமிருந்து பிரிக்காமலே வைத்தியம் நடந்தது.

பிரிக்காமல் முடியாத நோயும் உண்டு. 2018 ஆகஸ்டு முதல் 2020 ஜூன் வரை ஆப்பிரிக்காவின் கொங்கோ நாட்டில், ஆயுதக் கும்பல்கள் திரியும் பெனி, புத்தெம்போ வட்டாரத்தில் எபோலா பரவியது. 3,470 பேருக்குக் கண்டது. 2,287 பேர் இறந்தார்கள். கண்டவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் குழந்தை. சிகிச்சை நிலையங்களையே தாக்கித் தீ வைத்தார்கள். தாய்க்கு எபோலா என்றால் பால்குடிப் பிள்ளையை அவளிடம் விட முடியாது. பிள்ளைக்கும் தொற்றியிருக்கலாம் என்பதால் 21 நாள் கவனிக்க வேண்டும். அண்டை வீட்டார் வாங்கப் பயப்படுவார்கள்.

அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? சிகிச்சை நிலையத்தின் பக்கத்திலேயே ஓர் ஆயாக் கொட்டகை போட்டார்கள். ஆமாம், நம் தோட்டங்களில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார்கள் பிள்ளையை விட்டுப் போவார்களே, அதே மாதிரி. யுனிசெப் நிறுவனம் ஏற்பாடு செய்தது. ஆயாக்கள் யார்? எபோலா கண்டு பிழைத்தவர்கள். அவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு. பயமின்றிப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் ஒருபுறம், பிள்ளையின் பெயரை எழுதி உறவினரைத் தேடுபவர் ஒருபுறம், பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி கிராமத்தாரிடம் எடுத்துச் சொல்பவர் ஒருபுறம். இவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லி வேலை செய்தால்தான் பிள்ளை தப்பும்.

நம்மிடம் போர் இல்லை. ஆனாலும் 2021இல் கோவிட் வந்தபோது நான் இதைக் கண்ணால் பார்த்தேன். என் வகுப்புப் பையன் ஒருவனின் தாய், தகப்பன் இருவரையும் ஒரே இரவில் வண்டி வந்து ஏற்றிப் போனது. வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவனுக்கு ஒன்பது வயது. தாய்மாமன் கூலிமில் இருந்தார். அது கெடா மாநிலம். அனுமதிக் கடிதம் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. யார் பொறுப்பு, கடைசிப் பெண்ணின் பெயர் என்ன என்று அதிகாரி என்னைப் போனில் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஊரே அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டது. மூன்று வருஷம் அந்த வீட்டுக்கு எதிரே நடந்து போயிருக்கிறேன், கேட்டதில்லை. எதிர்வீட்டு அம்மாள் இரண்டு நாள் வாசற்படியில் சோறு வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வீட்டுக்கு ஒரு பக்கம். பிள்ளைகளின் முழுப்பெயர், பிறப்புப் பத்திரம் வீட்டில் எங்கே இருக்கிறது, எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து ஆகாது. அவசரத்தில் பிள்ளைகளை வாங்கிக்கொள்ள இரண்டு பேர்: ஒருவர் அதே வரிசையில், இன்னொருவர் வெளியூரில். அந்த இருவரிடமும் முன்கூட்டியே கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும். யாருமே இல்லாவிட்டால், மகளிர், குடும்ப, சமூக மேம்பாட்டு அமைச்சின் 15999 என்ற எண்ணையும் எழுதி வைத்தேன்.

சில தாய்மார்கள் முகம் சுளித்தார்கள். "வாத்தியாரே, நல்லா இருக்கிறப்பவே சாவுக்கு எழுதுற மாதிரி இருக்கு" என்றார் ஒருவர். நான் அவருக்குக் கடைசி வீட்டுப் பாட்டியின் கதையைச் சொன்னேன். உடனே எழுதவில்லை. ஒரு வாரம் கழித்து மாலையில் பள்ளிக்கு வந்து, தங்கச்சி பெயரையும் எதிர்வீட்டு அக்கா பெயரையும் சொன்னார். பிறகு கடைசி மகனுக்கு முட்டை ஆகாது என்பதையும் எழுதச் சொன்னார்.

இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கிறது.