சம்ப் கசிவும் அதை அடைக்கும் முறையும்

வாகரையின் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் இருப்பதால் உப்புக் காற்றுப் படாத இரும்பை அங்கே காண்பது அரிது. கரையில் ஏற்றிவைத்த தோணிகளின் ஈரடிப்பு எஞ்சின்களில் எண்ணெய் எரிபொருளோடு கலந்தே எரிந்துவிடும் என்பதால் அவற்றுக்கு எண்ணெய்த் தொட்டி கிடையாது. வயலில் இறங்கும் உழவு இயந்திரத்துக்கோ அது இல்லாமல் முடியாது. எஞ்சினின் அடியில் கிடந்து, பம்பு மேலே ஏற்றிய எண்ணெய் உறுப்புகளை நனைத்துத் திரும்ப வழியும்போது அதை ஏந்திக்கொள்ளும் அந்தத் தொட்டியே சம்ப் எனப்படுகிறது.

சம்பில் எண்ணெய் பேரழுத்தத்தில் நிற்பதில்லை. ஆகவே அதை அடைக்கப் பெரும் பலம் தேவையில்லை. ஆயினும் கசிவைக் கண்டவுடன் ஆணிகளை மேலும் முறுக்குவதே பலரின் வழக்கமாக இருக்கிறது, கேடும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது. அளவுமீறி இறுக்கினால் இடையில் வைக்கும் தக்கை அல்லது தாள் பெக்கிங் நசுங்கிப் பிதுங்குவதோடு, தகட்டுச் சம்பின் விளிம்பு ஆணித்துளைகளைச் சுற்றி மேல்நோக்கிக் குழிந்து, இரு ஆணிகளுக்கு நடுவே இடைவெளி விழுகிறது. அந்த விளிம்பைத் தட்டையான கட்டையில் வைத்து மெல்லத் தட்டி நிமிர்த்தாமல் எந்தப் பசையைப் பூசினாலும் பயனில்லை. மாசி பெர்குசன் 135 போன்று எஞ்சினே சட்டத்தின் பகுதியாக அமைந்த உழவு இயந்திரங்களின் வார்ப்பிரும்புச் சம்ப் இவ்வாறு வளையாது. பழைய பெக்கிங்கை உளியால் சுரண்டும்போது விழும் கீறலே அங்கே எண்ணெய்க்கு வழிவிடும்.

சம்பைக் கழற்றுமுன் எஞ்சினை மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்து, சிறிது நேரம் ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. மேல்மூடியிலோ பின்புற ஒயில் சீலிலோ கசிவது கீழே வழிந்து, சம்பின்மேல் பழியைப் போட்டுவிடும். எஞ்சினின் மூச்சுக்குழாய் அடைபட்டிருந்தால், உள்ளே சேரும் வாயுவே எண்ணெயை வெளியே தள்ளும்.

சிலிக்கோன் பசை பயன்படுத்துவோர் எஞ்சினுக்கென்றே விற்கப்படுவதை வாங்க வேண்டும். கண்ணாடி ஒட்டும், வினாகிரி மணம் வீசும் வகை உலோகத்தை அரிக்கக்கூடியது, சூடான எண்ணெயையும் தாங்காது. எண்ணெய்ப் பிசுக்கு அறவே நீங்கிய விளிம்பில், ஆணித்துளைகளின் உட்புறமாக, அறுபடாத மெல்லிய கோடாக அது இடப்பட வேண்டும். தடிப்பாகப் பூசினால் உள்ளே பிதுங்கிய துண்டுகள் உதிர்ந்து பம்பின் வடிகட்டியை அடைத்து, எஞ்சினை எண்ணெயின்றி வறளச் செய்துவிடும். கசிவே மேல் என்று எண்ணவைக்கும் கேடு அது. ஆணிகளைக் கையால் பொருத்தி, பின்னர் நடுவிலிருந்து இருமுனைகளையும் நோக்கி மாறிமாறி, இரண்டு மூன்று சுற்றுகளில், தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும். இப்பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சியே இறுகுவது. பல வகைகள் முழுமையாக இறுக 24 மணிநேரம் வரை ஆகும். பெரும்போக உழவு நெருங்கும் வேளையில் அந்த ஒருநாளைப் பொறுப்பது எளிதன்று.

வடித்தெடுத்த பழைய எண்ணெயை மணலிலோ களப்பிலோ ஊற்றிவிடாமல், மூடியுள்ள கலனில் சேர்த்துவைக்குமாறு நேயர்கள் வேண்டப்படுகின்றனர்.