தேரும் மகிழுந்தும்



முல்லைத் திணையில் வினைமுடித்து மீளும் தலைவன் தேரில் வருகிறான். கார்ப்பருவம் தொடங்கிவிட்டதால், விரைந்து செலுத்துமாறு பாகனை வேண்டுகிறான். தேர்மணியின் ஒலிக்குத் தலைவி செவிகொடுத்துக் காத்திருக்கிறாள். ஆனால், பொருள்வயிற் பிரிந்தவன் சென்ற நாட்டில் எதில் ஏறினான், அவ்வூர்தி யாருடையது என்பவற்றை அகப்பாடல்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. (மேகத்தைக் குறிக்கும் கார் வேறு, ஆங்கிலம் வழி வந்த கார் வேறு, சிலேடைக்கு விரையும் இளங்கவிஞர்கள் சற்றே பொறுத்தருள்க.)

புதுக்கோட்டை மாவட்டத்தின் சிற்றூர்களில் சிங்கப்பூர் என்பது பக்கத்து ஊரின் பெயர்போல வழங்குகிறது. அங்குச் சென்றோர் இருவகையினர். படித்துப் பணியேற்றுக் குடும்பத்தோடு குடியேறியவர் ஒருவகை. அவர் கார் ஓட்ட விரும்பினால், இந்திய உரிமத்தைக் கொண்டு ஓராண்டு வரை ஓட்டலாம். அதற்குமேல் தங்குபவர் சாலை விதிகள் பற்றிய அடிப்படைத் தேர்வில் தேறி உரிமத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இரு நாடுகளிலும் சாலையின் இடப்புறமே செல்வதால் கைப்பழக்கம் மாற வேண்டியதில்லை. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது.

1990 மே மாதம் முதல் அந்நாட்டில் புதிய ஊர்தி வாங்குவோர் முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் பெற வேண்டும். அது மாதம் இருமுறை ஏலம் விடப்படுகிறது. 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்குரிய சான்றிதழ் 1,50,001 வெள்ளிக்குப் போயிற்று. காரின் விலையும் பதிவுக் கட்டணமும் தனி. அதன் ஆயுளோ 10 ஆண்டு. பின்னர், அப்போதைய சராசரி விலையைக் கட்டி நீட்டிக்க வேண்டும். அன்றேல் பதிவை நீக்கிவிட வேண்டும். இதனைக் கொடுமை என்று பாடிவிடுதல் எளிது. குறுகிய தீவில் சாலைகள் அடைபடாமலிருக்க அவ்வரசு கண்ட வழி அது. அதில் நியாயமும் உண்டு. ஆயினும் மகிழுந்து என்று தமிழில் பெயரிட்டோர் மகிழ்ச்சியை முன்வைத்தனர். அங்கே காலக்கெடுவே முன்னிற்கிறது. அரசு கட்டிய அடுக்குமாடி வீடு 99 ஆண்டுக் குத்தகை. கார் 10 ஆண்டு. தொழிலாளியின் வேலை அனுமதி பெரும்பாலும் 2 ஆண்டு.

அந்த 2 ஆண்டுக்காரரே இரண்டாம் வகையினர். கட்டுமானத் தளத்துக்குச் செல்லும் அவர்களில் பலருக்கு வாய்க்கும் ஊர்தி லாரியின் பின்தட்டு. கூரையும் உயர்ந்த பக்கத் தடுப்பும் கட்டாயம். எத்தனை பேர் ஏறலாம் என்பதும் வண்டியில் எழுதப்பட்டிருக்கும். முறையான இருக்கையோ இருக்கைவாரோ இல்லை. 2021 ஏப்ரலில் விரைவுச்சாலையில் நேர்ந்த லாரி விபத்தில் தொழிலாளர் இருவர் மாண்டனர். நாடாளுமன்றத்திலும் வினா எழுந்தது. 2023-இல் இம்முறையைத் தடைசெய்யுமாறு அமைப்புகள் பல கோரியபோது, நடைமுறைச் சிக்கல்களைக் கூறி அரசு அதற்கு இசையவில்லை.

அந்த லாரிக்கும் ஏலச் சான்றிதழ் உண்டு. அது 'சி' பிரிவு. சரக்கு வண்டிகளும் பேருந்துகளும் அப்பிரிவில் ஒருங்கே அடங்கும். பேருந்தில் ஏறியவரைப் பயணி என்கிறோம். லாரியில் ஏறியவரை என்னவென்பது? அயலகத் தமிழர் பற்றிய கவிதைகளில் விமானம் தாராளமாகப் பறக்கிறது, கடிதம் கண்ணீரில் நனைகிறது. இந்தப் பின்தட்டு அவற்றில் அரிதாகவே தென்படுகிறது. காரை ஏலத்தில் எடுத்தவரும் பின்தட்டில் குந்தியவரும் ஒரே ஊர்க்காரராக, ஒரே சாலையில் ஒருவரையொருவர் கடந்து செல்லக்கூடும் என்பதை எண்ணினால், பாடுபொருளுக்குப் பஞ்சமில்லை.

மீட்சியின் காட்சி வேறு. திருச்சி விமான நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே அமைந்திருப்பதை அவையோர் அறிவர். 2024 ஜனவரியில் அங்குப் புதிய முனையம் திறக்கப்பட்டது. அதன் வாயிலில் வாடகைக் காரோடு உறவினர் காத்திருக்கின்றனர். விரைந்து செலுத்துமாறு இந்தப் பாகனை வேண்ட வேண்டியதில்லை. அவருக்கு அடுத்த சவாரி இருக்கிறது. பெட்டிகள் மேலே கட்டப்படுகின்றன. பெண்டிரும் பிள்ளைகளும் பின்னே நெருங்கி அமர்கின்றனர். ஓட்டுநருக்கு அருகிலுள்ள முன்னிருக்கையை மட்டும், யாரும் சொல்லாமலே, வந்தவருக்கென விட்டுவைத்திருக்கின்றனர். அவர் அதில் ஏறி அமர்கிறார். கார் கீரனூரைத் தாண்டி, நார்த்தாமலைக் குன்றுகளைக் கடந்து செல்கிறது.