நிலாவில் ஒரு பள்ளம்



பௌர்ணமி நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்போம். அந்தப் பாட்டி இருண்ட பகுதி. இன்று பளிச்சென்று இருக்கும் ஒரு புள்ளியைப் பார்ப்போம். பெயர் டைக்கோ. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகேயின் பெயர்தான்.

அது புள்ளி இல்லை, பள்ளம். விண்கல் மோதி உண்டான பள்ளம். குறுக்களவு சுமார் 85 கிலோமீட்டர். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரத்தைவிட அதிகம்!

கோலமாவு டப்பாவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பாருங்கள். குழி விழும். மாவு நாலு பக்கமும் கோடு கோடாகத் தெறிக்கும். டைக்கோவிலும் அப்படித்தான். பூசணிக்காய்க் காம்பிலிருந்து கீற்றுகள் இறங்குமே, அதுபோல வெள்ளைக் கோடுகள் ஆயிரம் கிலோமீட்டரையும் தாண்டி ஓடுகின்றன. எல்லாம் தெறித்த மண்.

பள்ளத்தின் நடுவே ஒரு மலையும் இருக்கிறது. குழிக்குள் மலை எப்படி வந்தது? தண்ணீரில் ஒரு சொட்டு விழுந்தால் நடுவில் துள்ளி எழும் இல்லையா? மோதிய வேகத்தில் பாறையே அப்படி எழும்பி, எழும்பியபடி நின்றுவிட்டது.

வயது சுமார் 11 கோடி ஆண்டு. நிலாவின் கணக்கில் இது சின்னப் பிள்ளை. அதனால்தான் கோடுகள் இன்னும் மங்கவில்லை. அந்தக் கல் விழுந்தபோது பூமியில் டைனோசர்கள் நடமாடிக்கொண்டிருந்தன.

அடுத்த பௌர்ணமி அன்று, நிலா எழும் நேரத்தில் கிழக்கே பார்த்து நில்லுங்கள். நிலாவின் வலது பக்கம் தேடுங்கள். பைனாகுலர் இருந்தால் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.