வாரத்துல ஒரு மணி நேரம்

இந்த எபிசோட் எங்க ஊர் மணிமுத்தாறுல இருந்து. டூரிஸ்ட்டுக்கு இங்க அணையும் அருவியும்தான் தெரியும். அருவியைத் தாண்டி மேல ஏறுற ரோடு மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டின்னு போகும். 1929-ல சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. குத்தகை முடிய 2028 ஆகும். ஆனா 2024 ஜூன்லயே தேயிலை வேலை நின்னுபோச்சு. விருப்ப ஓய்வுன்னு பேரு. வேலை போனது ஐந்நூறு பேருக்கு மேல. தலைமுறை தலைமுறையா அதே வேலையில இருந்த குடும்பங்கள்.

அதே வருஷம் செப்டம்பர்ல மத்திய அரசு பி.எல்.எஃப்.எஸ். சர்வேயை வெளியிட்டுச்சு. நாட்டுல வேலையின்மை 3.2 சதவீதம். தமிழ்நாட்டுல 3.5. கேட்டவுடனே "எல்லாம் பொய்க் கணக்குப்பா"ன்னு சொல்லத் தோணும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்த எண் எந்தக் கேள்விக்குப் பதில்னு பார்க்கணும்.

மலையில இருந்து இறங்கி வந்த ஒரு அக்கா வீட்டுக்கு சர்வே எடுக்க ஆள் வர்றார்னு வெச்சுக்கோங்க. "போன ஏழு நாள்ல ஏதாவது வேலை பார்த்தீங்களாக்கா?" செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டோட சேர்ந்து கொஞ்சம் பீடி சுத்தியிருக்காங்க. ஏழு நாள்ல ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தாலே, அந்த வாரக் கணக்குல அவங்க வேலையில இருக்கிறவங்க. வீட்டுக்காரர் போட்ட டீக்கடையில சம்பளமே இல்லாம கிளாஸ் கழுவியிருந்தாலும் வேலைதான். முட்டுவலி, வேலை தேடவும் இல்ல, கிடைச்சாலும் போற நிலைமையில இல்லன்னா? அப்பவும் அவங்க வேலையில்லாதவங்க இல்ல. உழைப்புப் படைக்கே வெளிய.

வருஷக் கணக்கு இன்னும் தாராளம். வருஷத்துல பெரும்பகுதி வேலை தேடிட்டு இருந்திருக்கலாம். இடையில மொத்தமா 30 நாள் துணை வேலை பார்த்திருந்தா, வேலையில இருக்கிறவங்க பட்டியல்ல சேர்த்துடுவாங்க. நியூஸ்ல வந்த 3.2 இந்த வருஷக் கணக்கு. அதே சர்வேயில, அதே வருஷத்துல, வாரக் கணக்குப்படி 4.9. ரெண்டுமே அரசாங்கம் அச்சடிச்ச எண்தான். மேடையில பேசுறவர் எதை எடுப்பார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு மணி நேர விதியை நம்ம ஆளுங்க கண்டுபிடிக்கல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு மூலமா 1982-ல உலக அளவுல ஒத்துக்கிட்ட வரையறை. காரணமும் நியாயமானதுதான்: நாட்டோட உற்பத்தியைக் கணக்கு போடும்போது எல்லா உழைப்பும் அதுல வரணும். மாசச் சம்பளம் வாங்குறவங்க அதிகமா இருக்கிற ஊர்ல இந்த அளவுகோல் ஓரளவு வேலை செய்யும். பெரும்பாலானவங்களுக்கு வேலையில்லாப் படி கிடைக்காத நம்ம நாட்டுல, ஏழைக்குச் சும்மா இருக்கக் கட்டுப்படியாகாது. ஏதாவது ஒண்ணு செஞ்சே ஆகணும். அதனாலதான் 15-லிருந்து 29 வயசுக்குள்ள இருக்கிறவங்ககிட்ட அந்த எண் 10.2-ன்னு ஏறுது. படிச்சுட்டு, வீட்டுல சோறு கிடைக்குற வரைக்கும்தான் ஒருத்தர் "வேலை தேடுறேன்"னு காத்திருக்க முடியும்.

நம்ம துறையில இருக்கிறவங்களுக்கு இது நல்லாப் புரியும். சர்வர் உயிரோட இருக்கான்னு கேட்டா "இருக்கேன்"னு பதில் வரும், டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. பேஜ் திறக்க நாப்பது செகண்ட் ஆகுதுன்னு அந்தப் பச்சை சொல்லாது.

சரி, அரசாங்கம் கையே வைக்கலையான்னா, எண்ணை மாத்தினதுக்கு என்கிட்ட ஆதாரம் இல்ல. வெளியிடாம வெச்சிருந்தது நடந்திருக்கு. 2017-18 சர்வேயில 6.1 சதவீதம் வந்துச்சு. தேசிய புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் கொடுத்தும் அறிக்கை வெளிய வரல. 2019 ஜனவரியில பி.சி. மோகனன், ஜே.வி. மீனாட்சி ரெண்டு பேரும் ஆணையத்துல இருந்து ராஜினாமா பண்ணாங்க. எண் பத்திரிகையில கசிஞ்சுது. அதிகாரபூர்வமா வந்தது மே 31, தேர்தல் முடிவுக்கு அப்புறம்.

இன்னொரு எண்ணையும் அடிக்கடி தூக்கிட்டு வருவாங்க: வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. தமிழ்நாட்டுல அது 2022-ல அறுபது லட்சத்தைத் தாண்டியிருந்துச்சு. அதை வேலையில்லாதவங்க எண்ணிக்கைன்னு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, ப்ளீஸ். பள்ளிக்கூடம் முடிச்சதும் பதிஞ்சவங்க, தனியார்ல வேலை பார்த்துக்கிட்டே அரசு வேலைக்காகப் புதுப்பிக்கிறவங்க, எல்லாரும் அதுல இருக்காங்க.

அப்போ எதைப் பார்க்கலாம்? அதே சர்வேயோட உள் அட்டவணைகளை. சம்பளமில்லாம வீட்டுத் தொழில்ல உதவுறவங்க 2022-23-ல மொத்த வேலையாட்கள்ல 18.3 சதவீதம். வேலைன்னு எண்ணப்பட்டவங்கள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தர் கைக்குக் காசு வரல. எனக்கு 3.2-ஐ விட இந்த எண்தான் நாட்டைப் பத்தி அதிகம் சொல்லுது.

மாஞ்சோலையை மட்டும் எதுலயும் தேட முடியாது. 2023-24-ல நாடு முழுக்க எடுத்ததே ஒரு லட்சம் வீடு சொச்சம்தான். அஞ்சு எஸ்டேட் காலியானது மாநில எண்ணோட தசமப் புள்ளியைக்கூட அசைக்காது.

பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு எப்படிக் கூலி நிர்ணயிக்கிறாங்க, அதை அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.