விற்குமுன் எடுத்து வையுங்கள்

(காவிரிப் படுகை விவசாயிகளுக்கு ஆற்றிய உரை)



குறுவை நெல் களத்துக்கு வரும் புரட்டாசி மாதத்தில் நம் அனைவருக்கும் ஒரே நினைவுதான். நெல்லைக் காயவைக்க வேண்டும், கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், கடனை அடைக்க வேண்டும், தீபாவளிச் செலவைப் பார்க்க வேண்டும். இந்த அவசரத்தில் ஒரு வேலை விட்டுப்போகிறது. அடுத்து வரும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் புயலோ வெள்ளமோ வந்தால் வீட்டுக்கும் மாட்டுக்கும் நிலத்துக்கும் என்ன இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பதே அந்த வேலை. அதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

புயலுக்கும் ஒரு பருவம் உண்டு

நம் கரையைத் தாக்கிய பெரும் புயல்களின் தேதிகளைப் பாருங்கள். நாகப்பட்டினம் பகுதியை 1952-லும் 1977-லும் சூறையாடிய புயல்கள் நவம்பரில் வந்தவை. தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பரில் வந்தது. கடலூரையும் பண்ருட்டியின் பலா, முந்திரித் தோப்புகளையும் சாய்த்த தானே புயல் 2011 டிசம்பர் 30-இல் வந்தது. கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. பெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30-இல் புதுச்சேரி அருகே கரை கடந்து, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களை வெள்ளக்காடாக்கியது.

ஆகவே புயல் வரும் நாளை முன்கூட்டிச் சொல்ல முடியாவிட்டாலும், அது வரக்கூடிய மாதங்கள் நமக்குத் தெரியும். நாற்றங்காலுக்கு நாள் குறிப்பதுபோல இதற்கும் நாள் குறிக்கலாம். புரட்டாசி முடிவதற்குள் ஏற்பாடுகளை முடித்துவிடுவது நலம்.

காற்று ஓய்ந்த பிறகே கஷ்டம்

கஜா புயலின்போது ஏராளமான மக்கள் முன்கூட்டியே முகாம்களுக்குச் சென்றதால் பல உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் காற்று ஓய்ந்த பிறகு நேர்ந்ததை நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தென்னை மரங்கள் சாலைகளில் குறுக்கே விழுந்து கிடந்தன. மின்கம்பங்கள் வரிசையாகச் சாய்ந்தன. பல கிராமங்களில் நாள்கணக்கிலும், சில இடங்களில் வாரக்கணக்கிலும் மின்சாரம் இல்லை. மின்சாரம் இல்லையென்றால் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது. சாலை இல்லையென்றால் லாரி வராது, கடையில் சரக்கு இருக்காது.

உதவி நிச்சயம் வரும். ஆனால் அது நம் தெருவுக்கு வந்து சேரும் வரை ஒரு வாரம் சமாளிக்க நம் வீட்டிலேயே வசதி இருக்க வேண்டும்.

எவ்வளவு தேவை?

ஐந்து பேர் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி என்றால் ஏழு நாளுக்கு 14 கிலோ. 16 கிலோ என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏறத்தாழ 25 கிலோ நெல் போதும்.

அடுத்தது விதை. வெள்ளத்தில் இளம் சம்பாப் பயிர் அழுகிப்போனால் மீண்டும் நீண்ட கால ரகம் விதைக்க நாள் இருக்காது. தண்ணீர் வசதி உள்ளவர்கள் 105 முதல் 110 நாள் வயதுள்ள குறுகிய கால ரகத்தை விதைக்கலாம். அப்போது எல்லோரும் ஒரே சமயத்தில் விதைக்கு அலைவார்கள். நடவுக்கு ஏக்கருக்கு 24 கிலோ விதை தேவை. குறுவை வயலிலேயே நன்கு விளைந்த ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, கலவன்களை நீக்கி, தனியாக அறுத்து அடித்து வைத்தால் இந்த விதை கையில் இருக்கும்.

உணவுக்கு 25 கிலோ, விதைக்கு 24 கிலோ, ஆக மொத்தம் 49 கிலோ. குறுவையில் ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் 40 கிலோ சிப்பமாக 50 சிப்பம் வரும். அந்த ஐம்பதில் ஒன்றேகால் சிப்பத்தை மட்டும் விற்காமல் நிறுத்தி வையுங்கள் என்றுதான் கேட்கிறேன். விற்ற பிறகு வாங்கி வைப்போம் என்றால் அது நடப்பதில்லை. பணம் வந்த அன்றே அதற்கு நூறு செலவு காத்திருக்கும். ஆகவே மூட்டை வண்டியில் ஏறுவதற்கு முன்பே இதைத் தனியே எடுத்து வையுங்கள்.

குறுவை போடாதவர்கள் ஆடி மாதம் முதல் வாரம் ஒன்றரைக் கிலோ அரிசியை ஒதுக்கி வந்தால் ஐப்பசி பிறப்பதற்குள் 16 கிலோ சேர்ந்துவிடும்.

விதையைக் காப்பது எப்படி?

நெல் விதையை 13 சதவீத ஈரப்பதத்துக்கும், உளுந்து, பாசிப்பயறு விதைகளை 9 சதவீதத்துக்கும் காயவைக்க வேண்டும். நெல் தரிசில் பயறு விதைக்க ஏக்கருக்கு 10 கிலோ விதை தேவை. சம்பா கைவிட்ட ஆண்டில் தை மாதத்துப் பயறுதான் கைச்செலவுக்குப் பணம் தரும். ஆகவே அந்த விதையையும் கண்ணாகக் காக்க வேண்டும்.

நம் பத்தாயமும் குதிரும் எலிக்கும் பூச்சிக்கும் ஈடுகொடுக்கச் செய்யப்பட்டவை. வெள்ளத்துக்கு அவை தாங்கமாட்டா. மண் குதிர் நீரில் கரையும். தரையில் உள்ள பத்தாயத்தில் அடியிலிருந்து நீர் ஏறும். முன்பு வந்த வெள்ளம் உங்கள் வீட்டுச் சுவரில் எதுவரை ஏறியது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டடி உயரத்தில் பரண் அமைத்து அதில் விதை மூட்டையை வையுங்கள். சாதாரண நாளில் சாக்கிலேயே இருக்கட்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் சாக்கைத் தடித்த பாலித்தீன் பைக்குள் வைத்து வாயைக் கட்டுங்கள். மழை விட்டதும் பையை அகற்றி, விதையை நிழலில் பரப்பிக் காற்றாட விடுங்கள்.

பூச்சிமருந்தை உணவு, விதை, தீவனம் ஆகியவற்றுக்கு மேலேயோ பக்கத்திலேயோ வைக்கக் கூடாது. வீட்டுக்கு வெளியே, வெள்ளம் எட்டாத உயரத்தில், பூட்டிய பெட்டியில் வைக்க வேண்டும். மருந்து வந்த டின்னையும் கேனையும் எவ்வளவு கழுவினாலும் தண்ணீர் பிடித்து வைக்கப் பயன்படுத்தக் கூடாது.

அடுப்பு எரியாத நாளுக்கு

முதல் இரண்டு நாள் அடுப்பு மூட்ட முடியாமல் போகலாம். அவல் 3 கிலோ, பொட்டுக்கடலை 1 கிலோ, வெல்லம் 1 கிலோ இருந்தால் குழந்தைகள் பசியால் வாடமாட்டார்கள். பிறகு சமைக்கப் பருப்பு 2 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், உப்பு, புளி, மிளகாய் வேண்டும். ஒரு கட்டு உலர்ந்த விறகைப் பரணில் ஏற்றுங்கள். தீப்பெட்டிகளை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். இவற்றை அவ்வப்போது எடுத்துச் செலவழித்து, புதியதை வாங்கி வைத்து வந்தால் எதுவும் வீணாகாது.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஐவருக்கு ஏழு நாளுக்கு 175 லிட்டர். மூடியுள்ள 100 லிட்டர் டிரம் இரண்டு இருந்தால் போதும். எச்சரிக்கை வந்தவுடன், மின்சாரம் இருக்கும்போதே நிரப்பிவிடுங்கள். வெள்ளத்துக்குப் பின் கிணற்று நீரையும் கைப்பம்பு நீரையும் நன்கு கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். வயிற்றுப்போக்கு கண்டால் உப்பு சர்க்கரைக் கரைசல் உடனே கொடுங்கள். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்தால் கரைசல் தயார். உப்பின் அளவு மிகக் கூடாது.

சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து சாப்பிடுவோர் ஒரு மாத மாத்திரையைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். பிரசவ நாள் நெருங்கிய பெண்களைக் காற்று வீசத் தொடங்குமுன் ஆஸ்பத்திரி உள்ள ஊரில் சேர்த்துவிட வேண்டும்.

வாயில்லா ஜீவன்களுக்கு

ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று கொண்டால், இரண்டு மாடுகளுக்கு 15 நாளுக்கு 180 கிலோ வேண்டும். பெரிய போர் முழுவதையும் காப்பாற்ற முடியாவிட்டாலும் இந்த அளவையாவது மேட்டில், சவுக்கு அல்லது பனந்துண்டுகளால் அமைத்த மேடையில் அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலை மாட்டுக்குப் போடக் கூடாது.

தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளை மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிச் செல்லுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் கயிற்றையாவது அவிழ்த்து விடுங்கள். கட்டுத்தறியில் நிற்கும் மாட்டுக்கு நீந்தித் தப்ப வழியில்லை.

தகரப் பெட்டி

பட்டா, சிட்டா, அடங்கல், குடும்ப அட்டை, ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பயிர்க் காப்பீட்டு ரசீது ஆகியவற்றைப் பாலித்தீன் உறையில் இட்டு ஒரே தகரப் பெட்டியில் வையுங்கள். அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து, வெளியூரில் உள்ள பிள்ளைக்கோ உறவினருக்கோ அனுப்பி வைப்பதும் நல்லது. நிவாரணம் கேட்கும் நாளில் இந்தக் காகிதங்கள் இல்லையென்றால் அலைச்சல்தான். சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதமே விவசாயி செலுத்தும் பங்கு. கடைசித் தேதி வரை காத்திராமல் செலுத்திவிடுங்கள்.

எச்சரிக்கை வந்தபின்

வானிலைத் துறை புயல் உஷார் செய்தியைச் சுமார் 48 மணி நேரத்துக்கு முன்பும், புயல் எச்சரிக்கையைச் சுமார் 24 மணி நேரத்துக்கு முன்பும் தருகிறது. முதல் செய்தியில் தண்ணீர் நிரப்புதல், விதை மூட்டையைக் கட்டுதல், மாடுகளை மேட்டுக்குக் கொண்டுபோதல் ஆகிய வேலைகளை முடியுங்கள். மோட்டார் இணைப்பைத் துண்டித்து, கைப்பேசிக்கும் டார்ச் விளக்குக்கும் மின்னேற்றிக் கொள்ளுங்கள். இரண்டாவது செய்தி வந்தால் கூரை வீட்டில் இருப்பவர்கள் தகரப் பெட்டியுடன் முகாமுக்குப் புறப்பட வேண்டியதுதான். உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.

காற்று திடீரென்று ஓய்ந்தால் புயல் முடிந்தது என்று வெளியே வராதீர்கள். அது புயலின் கண்ணாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் அதே வேகத்தில் அடிக்கும். அறுந்து கிடக்கும் மின்கம்பியைத் தொடாதீர்கள். நீரில் மூழ்கிய மோட்டாரை உலர்த்திச் சோதிக்காமல் ஓட்டாதீர்கள். வைக்கோலிலும் விறகிலும் பாம்பு ஒண்டியிருக்கும். டார்ச் விளக்கும் கோலும் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

விவசாயப் பெருமக்களே, இவை யாவும் நம் முன்னோர் அறியாத புதுமைகள் அல்ல. எவ்வளவு வறுமை வந்தாலும் விதைநெல்லில் கை வைக்கக் கூடாது என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். இன்று சாலையும் கடையும் பக்கத்தில் இருப்பதால் அந்தப் பழக்கம் தளர்ந்திருக்கிறது. அந்தச் சாலை ஒரு வாரம் அடைபட்டால் என்ன செய்வோம் என்பதே கேள்வி. ஐம்பது சிப்பத்தில் ஒன்றேகால் சிப்பம், இரண்டு டிரம், ஒரு பரண், ஒரு தகரப் பெட்டி. இந்தப் புரட்டாசியிலேயே இவற்றை ஏற்பாடு செய்துகொண்டு, உங்கள் குடும்பத்தையும் கால்நடையையும் அடுத்த சாகுபடியையும் காத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.